பத்துக்குப் பத்து

தாய்லாந்தின் சந்தபுரி மலைச்சரிவில் டுரியான் பழத்தோப்பு வைத்திருந்த தவோனுக்கு, தான் வாங்கிய காரின் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. ஊராருக்கும் நுழையவில்லை. ஐரோப்பாக்காரன் வைத்த பெயரோடு மல்லுக்கட்ட நேரமில்லாமல் விலையையே பெயராக வைத்துவிட்டார்கள். நாற்பது லட்சம் வருகிறது என்றால் தெருவில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வழிவிடும்.

அவர் ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. அவர் மனைவி லமியாத், முப்பத்தொரு வருடமாகப் பழைய பிக்கப் வண்டியில் டுரியான் குவியலுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கி முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டவள். செப்டம்பரில் ஆபரேஷன் முடிந்தது. இனி அந்த உயரப் படியில் கால் வைத்து ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதுக் காரிலோ கதவைத் திறந்தால் படி தானாக இறங்கி வந்து காலடியில் நிற்கும். அந்த ஒரு படிக்காகத்தான் தவோன் நாற்பது லட்சம் பாத் பணத்தைக் கொட்டினார்.

நல்ல நேரம் பார்த்து, காலை ஒன்பது மணி ஒன்பது நிமிடத்துக்கு ஊர் விகாரையின் தலைமைப் பிக்கு வந்தார். காரின் உட்கூரையில் வெள்ளைச் சாந்தால் பொட்டுகள் வைத்து, தங்க ரேக்கு ஒட்டி, தீர்த்தம் தெளித்தார். பதினெட்டு நாள் ஒரு குறையுமில்லை. பத்தொன்பதாம் நாள் வீட்டிலிருந்து இறங்கும் மலைப்பாதையின் மூன்றாவது வளைவில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. கூடவே ஒரு வாசகமும் வந்தது. பிரேக்கில் கவனம் தேவை, அருகிலுள்ள மையத்துக்கு மெதுவாக ஓட்டிச் செல்லவும்.

அருகிலுள்ள மையம் சோன்புரியில், இரண்டரை மணி நேர ஓட்டம். மலைப்பாதையின் அடியிலோ கைப்பிடிச் சுவரில்லாத ஒரு பாலம். லமியாத் விளக்கைப் பார்த்தாள், பாலத்தைப் பார்த்தாள், நிறுத்தச் சொன்னாள். படி தானாக இறங்கியது, அவளும் இறங்கினாள்.

"அந்த வெளக்கு அணையிற வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன். நீங்க வேணா போங்க."

அதற்குப் பிறகு அவள் மலையை விட்டு இறங்கவில்லை. பிக்கப்பில் ஏற முடியாது, காரில் ஏற மாட்டாள். சந்தை, விகாரை, சீட்டாட்டத் தோழிகள் எல்லாம் கீழேதான். மே மாதம் திராத் ஊரிலிருக்கும் அவள் அக்காவுக்கு எழுபத்திரண்டு முடிகிறது, பன்னிரண்டு வருடக் கணக்கில் ஆறு சுற்று. அந்த விழாவுக்குப் போகாவிட்டால் அக்கா செத்தாலும் மன்னிக்க மாட்டாள். தவோனுக்கு இருந்த கெடு அதுதான்.

சோன்புரியில் அந்தக் கம்பெனிக்கு மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடம் இருந்தது. அதைப் பட்டறை என்று சொன்னால் அங்கே கோபித்துக்கொள்வார்கள். வாசலில் 'நம்பிக்கை மையம்' என்று எழுதியிருந்தது. தவோன் இறங்கியதும் ஆறு பேர் வரிசையாக நின்று கைகூப்பிக் குனிந்தார்கள். மல்லிகை வாசனையில் குளிர்ந்த துண்டு வந்தது, சங்குப்பூ சர்பத் வந்தது, முதுகைப் பிடித்துவிடும் நாற்காலி வந்தது. ஸ்பானர் பிடித்த ஆள் ஒருவர்கூட வரவில்லை.

வந்தவள் பிளோய் என்ற பெண். உறவு ஆலோசகர் என்று மார்பில் அட்டை குத்தியிருந்தாள். பிரேக்கில் கோளாறு என்று தவோன் ஆரம்பித்ததும், ஒரு நல்ல வீட்டில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மாமா, இங்க அந்த வார்த்தை கிடையாது. அதுக்குப் பேரு அக்கறைச் செய்தி. வண்டி உங்க மேல அக்கறையா இருக்குன்னு அர்த்தம்."

வண்டியைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். அது ஆயிரத்து நானூறு கேள்வி கேட்குமாம். நாலு மணி நேரம் கேட்டது. மையத்தின் தரை வழவழவென்று சமதளம். அங்கே விளக்கு எரியவில்லை. எரியாத விளக்குக்குக் கம்ப்யூட்டர் என்ன பதில் சொல்லும்? குறை ஏதுமில்லை என்று சொல்லிவிட்டது. கோப்பில் இப்படி எழுதினார்கள்: வாடிக்கையாளரின் கவலை தீர்க்கப்பட்டது.

பிறகுதான் உண்மையான பூஜை ஆரம்பித்தது. பிளோய் ஒரு டேப்லட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். அதில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்து வரை மதிப்பெண். ஒன்பது போட்டால் கம்பெனி கணக்கில் அது தோல்வி, பத்துக்குத்தான் தேர்ச்சி என்று அவள் தாழ்ந்த குரலில் விளக்கினாள். தவோன் அந்த ஊர் மண்ணில் பிறந்த மனிதர். முகத்துக்கு நேரே ஒருவர் மனம் நோகும்படி நடப்பதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்வதே மேல் என்று வளர்க்கப்பட்டவர். அவருடைய முகத்தாட்சண்யம் ஊரறிந்தது. பூச்சி விழுந்த நூடுல்ஸ் சூப்பைக்கூடக் கடைக்காரன் முகம் வாடுமே என்று ஓரமாகக் குடித்து வைப்பார். ஒன்பது கேள்விக்கும் பத்துப் பத்தாகப் போட்டார். ஆறு பேரும் கைகூப்பி வழியனுப்பினார்கள்.

வீட்டுக்கு ஏறும்போது விளக்கு எரியவில்லை. மறுநாள் இறங்கும்போது மூன்றாவது வளைவில் எரிந்தது.

லமியாத் சிரிக்கவில்லை. பிக்கப்போடு குடித்தனம் நடத்தியவளுக்கு வண்டி நோய் அத்துப்படி. "எறக்கத்துல எரிஞ்சா பிரேக் ஆயில் கம்மியா இருக்கும். டப்பாவத் தெறந்து பாக்கச் சொல்லுங்க. நம்ம பிக்கப்புக்கு அதைத்தானே முதல்ல பாப்போம்" என்றாள். தவோனே திறந்து பார்த்திருப்பார். ஆனால் பானெட்டுக்குக் கீழே ஒரு மூடி, மூடியின் மேல் ஒரு முத்திரை, முத்திரையை உடைத்தால் ஐந்து வருட உத்தரவாதம் போச்சு என்று நாலு மொழியில் எச்சரிக்கை. நாற்பது லட்சம் கொடுத்து வாங்கியவனுக்குத் தன் வண்டியின் டப்பாவைத் திறக்க உரிமையில்லை.

இரண்டாம் தடவை போனபோது மனைவி சொன்னதை மெல்ல எடுத்துவிட்டார். மாடியிலிருந்து மேலாளர் கிட்டிபத்தே இறங்கி வந்தார். பத்து விரல்களையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பேசும் மனிதர்.

"தவோன் ஐயா, டப்பாவத் திறந்து பாக்கறதெல்லாம் சாதாரண வண்டிக்கு. கண்ணால பாக்கறது தப்பாப் போயிடும் ஐயா. எங்க டெக்னீஷியன் யாரும் கண்ண நம்பறதில்ல. கம்ப்யூட்டர் பாருன்னா பாப்பாங்க. பாருன்னு சொல்லலைன்னா பாக்க மாட்டாங்க. அதுக்குத்தான் ஜெர்மனியில போய்ப் பயிற்சி எடுத்துட்டு வந்திருக்காங்க."

பார்க்காமலிருப்பதற்கு ஜெர்மனி வரை போய் வந்தவர்களை மெச்சாமல் என்ன செய்வது? தவோன் மெச்சினார். பத்துப் போட்டார்.

மூன்றாம் தடவை, விளக்கு எரியும்போது படம் எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்துக் காட்டினார். கைபேசிப் படத்தைக் கோப்பில் ஏற்க விதியில்லை, மையத்தின் வளாகத்துக்குள் எரிந்தால்தான் அது எரிந்ததாகும் என்றார்கள். உங்கள் பாதை ரொம்பச் சரிவோ, அதைக் கொஞ்சம் சமப்படுத்திப் பாருங்களேன் என்று பிளோய் கரிசனமாகக் கேட்டாள். மலையைச் சமப்படுத்த என்ன செலவாகும் என்று தவோன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது நிஜம்.

நாலாம் தடவை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் திரையில் தோன்றினார். உட்கூரையிலிருந்த வெள்ளைப் பொட்டுகள் அவர் கண்ணில் பட்டன. அனுமதியில்லாத பொருள் பூசப்பட்டிருக்கிறது, அது மின்சுற்றைப் பாதித்திருக்கலாம் என்றார். அதைத் துடைக்கச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. சாந்து பூசிய பிக்குவிடம், அந்தச் சாந்து மின்சாரம் கடத்தாது என்று ஒரு சான்று வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்கள். தவோன் வெட்கத்தோடு போய் வணங்கி நின்றார். பிக்கு விண்ணப்பப் படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

"நான் பொட்டு வச்சது கூரையில. பிரேக் காலுக்குக் கீழதானே இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பாவம் பிழைத்துப் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சான்று கோப்பில் சேர்ந்தது. விளக்கு எரிந்தது. பத்துக்குப் பத்தும் விழுந்தது.

இப்படி ஐந்து மாதத்தில் ஏழு தடவை. ஏழாம் தடவை பத்துகளைப் போட்டு முடித்த கையோடு, தவோன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேவிட்டார். கிட்டிபத் கோப்பைத் திருப்பிக் காட்டினார். ஏழு வருகை, அறுபத்துமூன்று கேள்வி, அறுநூற்று முப்பதுக்கு அறுநூற்று முப்பது. இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவருக்கு எந்தச் சட்டத்தில் வண்டியை மாற்றித் தருவது என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது தவோனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் தங்க எழுத்தில் ஒரு அழைப்பு வந்தது. கிழக்கு மண்டலத்தின் ஆக அதிக மனநிறைவு பெற்ற வாடிக்கையாளர் விருது.

விழா பாங்சேன் கடற்கரை ஓட்டலில் நடந்தது. தவோன் பிக்கப்பில் போய் இறங்கினார், வாசல்காரன் சரக்கு வண்டி பின்வாசலுக்கு என்று கை காட்டினான். மேடையில் மண்டலத் தலைவர் முழங்கினார்.

"மத்தவங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை நம்மகிட்ட வர்றாங்க. தவோன் ஐயா அஞ்சு மாசத்துல ஏழு தடவை வந்திருக்காங்க. ரெண்டரை மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க. இதுக்குப் பேரு என்ன? பாசம். ஒரு வண்டி கெடாமலே இருந்திருந்தா இந்தப் பாசம் வந்திருக்குமா?"

இருநூறு பேர் எழுந்து கைதட்டினார்கள். தவோனின் சட்டைப் பையில் அன்று ஒரு காகிதம் இருந்தது. விளக்கு, வளைவு, பாலம், லமியாத்தின் முழங்கால் எல்லாம் அதில் வரிசையாக எழுதியிருந்தது. மைக்கைப் பிடித்தார். எதிரே இருநூறு சிரித்த முகம். இத்தனை பேர் மனதை எப்படி நோகடிப்பது? எல்லாருக்கும் ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஸ்டியரிங் வடிவத்தில் ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள்.

லமியாத் கேடயத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். அடுக்களைக்குப் போய், மூடி நிற்காமல் நாறிக்கொண்டிருந்த இறால் விழுதுச் சாடியின் மேல் அதை வைத்தாள். பொருத்தமாக உட்கார்ந்தது. திரும்பி வந்து புருஷன் எதிரில் உட்கார்ந்தாள். அவள் கத்தியிருந்தால் தவோனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அஞ்சு மாசமா அவங்க மனசு நோகக் கூடாதுன்னு பாத்தீங்க. நான் இந்த மலை மேலயே கெடக்கேன். என் மனசு எந்தக் கணக்குல வருது?"

அந்த நேரம் பார்த்து அவர் கைபேசியில் ஒரு செய்தி வந்தது. இன்றைய விருது விழா உங்களுக்கு மனநிறைவளித்ததா, வழக்கமான அதே ஒன்பது கேள்விகள். லமியாத் கைபேசியை வாங்கினாள். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். ஒன்பதுக்கும் ஒன்று ஒன்றாகக் குத்தினாள். கருத்து என்ற கட்டத்தில் 'வெளக்கு எரியுது' என்று எழுதி அனுப்பினாள்.

இருபது நிமிடத்தில் முதல் அழைப்பு. ஒரு மணி நேரத்துக்குள் பதினோரு அழைப்பு. ஐந்து மாதம் பிரேக்குக்காக ஒரு தடவைகூடத் தானாகக் கூப்பிடாத நம்பிக்கை மையம், ஒன்று என்ற எண்ணைப் பார்த்ததும் வீடு தீப்பிடித்ததுபோல் ஓடி வந்தது. விடிந்ததும் கம்பெனி வேன் ஒன்று மலையேறி வந்து முற்றத்தில் நின்றது. கிட்டிபத், பிளோய், 'மனநிறைவு மீட்புப் பிரிவு' என்று அட்டை குத்திய இருவர், ஒரு புகைப்படக்காரர். ஐந்து பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் மண்டியிட்டுக் கைகூப்பினார்கள். பட்டு ரிப்பன் கட்டிய பழக்கூடையை முன்னால் நகர்த்தினார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அது நிஜமாகவே நடந்தது. கூடையின் நடுவில் ஒரு டுரியான். காம்பில் தொங்கிய சீட்டைத் தவோன் திருப்பிப் பார்த்தார். அவர் தோப்பின் பெயர்தான் இருந்தது. போன வாரம் அவரே வெட்டி அனுப்பியது.

எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ள வழியிருக்கிறதாம். மாற்றாவிட்டால் கிளைக்கு இந்த வருட ஜப்பான் சுற்றுலா கிடையாது, பிளோய்க்கு மூன்று மாத ஊக்கத்தொகை கிடையாது. விளக்கு பற்றிக் கேட்டதற்கு, அது வேறு பிரிவு, நாங்கள் மதிப்பெண்ணைச் சரிசெய்ய மட்டுமே வந்திருக்கிறோம் என்று மீட்புப் பிரிவினர் பணிவோடு சொன்னார்கள். பிளோய் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் தவோனின் விரல் தானாகப் பத்தை நோக்கி நகர்ந்தது. லமியாத் பனையோலை விசிறியால் அந்த விரலில் ஒரு போடு போட்டாள். பிறகு மேலாளரிடம் திரும்பினாள்.

"தம்பி, வண்டி நல்லாருக்குன்னுதானே சொல்றீங்க?"

"நூத்துக்கு நூறு பாதுகாப்பு, அம்மா. எங்க அம்மாவா இருந்தாலும் அதுல ஏத்தி அனுப்புவேன்."

"அம்மாவ ஏன் தொந்தரவு பண்றீங்க? நீங்களே அஞ்சு பேரும் ஏறுங்க. கீழ பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க. வந்து நின்னதும் ஒம்பது கேள்விக்கும் பத்துப் போடறேன்."

தவோனிடம் வண்டியைக் கிளப்பச் சொன்னாள். அவர் ஏறிப் பொத்தானை அழுத்தினார். சமதளமான முற்றத்தில், கம்பெனி ஆட்கள் ஐந்து பேர் கண்ணெதிரே, முதன்முதலாக அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. தவோனே எதிர்பார்க்கவில்லை. படி தானாக இறங்கி வந்து மரியாதையாகக் காத்து நின்றது.

யாரும் கால் வைக்கவில்லை. புகைப்படக்காரர், தான் கம்பெனி ஆள் இல்லை, தினக்கூலி என்றார். மீட்புப் பிரிவில் ஒருவருக்கு மலைப்பாதையில் தலைசுற்றுமாம். மற்றவர் வேனைப் பூட்டினோமா என்று பார்க்கப் போனவர் வேனுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். கிட்டிபத் பிளோயைப் பார்த்தார். பிளோய் விளக்கைப் பார்த்தாள், மரங்களுக்கு இடையே தெரிந்த சரிவைப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு வயசுல பொண்ணு இருக்கு, அத்தே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

கிட்டிபத் விரல்களைக் கோத்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தி, கம்பெனியின் ஊழியர் பாதுகாப்பு விதி பதினான்கை ஒப்பித்தார். பிரேக் விளக்கு எரியும் வாகனத்தில் ஊழியர் எவரும் பயணம் செய்யக் கூடாது. மனித உயிரே எங்கள் முதல் அக்கறை. உலகம் முழுக்க எல்லாக் கிளைகளிலும் இதே விதி, ஒரு நாள்கூட மீறியதில்லை என்று பெருமையோடு சேர்த்துக்கொண்டார்.

லமியாத் விசிறியை மடியில் வைத்தாள்.

"நல்ல விதி. அத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, தம்பி."

விதியைப் புகழ்ந்தால் மறுக்கத் தெரியாத மனிதர். வேனிலிருந்து கம்பெனி முத்திரையை எடுத்து வரச் சொல்லி, வண்டி எண்ணையும் எரிந்த விளக்கின் பெயரையும் தேதியையும் அழகாக எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். நகலைக் கோப்புக்கும் எடுத்துக்கொண்டார். பாதி மலை இறங்கிய பிறகுதான் தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மத்தியானமே வண்டியைத் தூக்கிப்போக ஒரு லாரி வந்தது.

மூடியைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். பிரேக் ஆயில் அடி மட்டத்தில் கிடந்தது. தொழிற்சாலையில் ஒரு கிளிப் மாட்ட மறந்திருக்கிறார்கள், நகத்தளவு கிளிப். அது இல்லாமல் குழாய் எதிலோ உரசி உரசிச் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. இன்னும் நாலைந்து தடவை மலை இறங்கியிருந்தால் மிதித்த பெடல் தரையைத் தொட்டிருக்கும் என்று பிளோய் போனில் சொன்னாள். கோப்பில் இப்படி எழுதினார்கள்: வாடிக்கையாளரின் விருப்பத்துக்கிணங்கச் சிறு மேம்பாடு செய்து தரப்பட்டது.

லமியாத் மதிப்பெண்ணை மாற்றினாள், ஒரே ஒரு கேள்விக்கு மட்டும். ஊழியர் வண்டியின் உண்மை நிலையைத் தெளிவாக எடுத்துச் சொன்னாரா என்று கேட்டிருந்த இடத்தில் பிளோயின் பெயரை எழுதிப் பத்துப் போட்டாள். மற்ற எட்டிலும் ஒன்று ஒன்றாகவே நின்றது. ஜப்பானுக்கு வேறு கிளைக்காரர்கள் போனார்கள்.

மே மாதம் திராத்துக்குக் கிளம்பினார்கள். படி இறங்கி வந்தது, லமியாத் ஏறி உட்கார்ந்தாள். மடியில் அக்காவுக்கு ஒரு பட்டுத் துணி. தலைக்கு மேலே பிக்குவின் வெள்ளைப் பொட்டுகளுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு விதி பதினான்கு ஒட்டப்பட்டிருந்தது. இப்போதெல்லாம் மையத்தில் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் பானெட்டைத் திறக்கிறார்கள், சங்குப்பூ சர்பத் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

மலைப்பாதை இறங்கியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. மூன்றாவது வளைவு நெருங்கியதும் தவோனின் கண் தானாக ஸ்டியரிங்குக்குப் பின்னால் போனது.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் லமியாத். "வெளக்க நான் பாத்துக்கறேன்."